அரண்மனைக்காரத் தெருவின் உயில்கள்

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



இந்த அறக்கட்டளையை நிறுவியவர் ஒரு தொடக்கப்பள்ளித் தலைமை ஆசிரியர். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதியை வங்கியில் போட்டுவிட்டு, அதன் வட்டியில் ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு நடக்க வேண்டும், அது பள்ளிக்கூடத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறார். தன் பெயரை மேடையில் சொல்ல வேண்டாம் என்பதும் அவர் விருப்பம். அதை மதித்து, பெயர் சொல்லாமலே அவரை வணங்கித் தொடங்குகிறேன்.

இன்று காலை இங்கே வரும் வழியில் ஒரு தெருவில் பாவு போட்டிருந்தார்கள். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பட்டு இழை. வெயில் ஏறுவதற்குள் கஞ்சி காய வேண்டுமே என்ற அவசரம். எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் பாவு பிணைப்பது அவள் வேலை. தறியில் ஒரு பாவு நெய்து முடியும்போது அதைக் கடைசிவரை அறுத்து எடுத்துவிட மாட்டார்கள். அச்சிலும் விழுதிலும் கோத்தபடியே நுனி கொஞ்சம் நிற்கும். புதுப் பாவைக் கொண்டுவந்து, சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பழைய இழை ஒன்று, புது இழை ஒன்று என்று சேர்த்து முறுக்கிவிடுவாள். ஆயிரக்கணக்கான இழை. அத்தனையும் முடிந்ததும் அப்பா மெல்ல இழுப்பார். பழைய நுனி முன்னால் போக, புதுப் பாவு அதன் பின்னாலேயே அச்சுக்குள் புகுந்து வந்துவிடும். அந்தப் பழைய நுனி இல்லாமல் போனால் ஒவ்வோர் இழையையும் முதலிலிருந்து விழுதில் கோக்க வேண்டும். அதற்கு நாள்கணக்கில் ஆகும், கைதேர்ந்த ஆளும் வேண்டும்.

இந்தக் காட்சியை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் பேசப்போவது ஆர்மேனியர்களின் பள்ளிக்கூடங்களைப் பற்றி. ஏனாத்தூரில் நின்றுகொண்டு ஆர்மேனியரைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்பீர்கள். காரணம் சென்னையில், பாரிமுனைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அங்கே ஆர்மேனியன் தெரு என்று ஒன்று உண்டு. நம் மக்கள் வாயில் அது அரண்மனைக்காரத் தெரு ஆகிவிட்டது. அங்கே அரண்மனை எதுவும் கிடையாது. ‘ஆர்மேனியன்’ என்ற சொல்லை நம் காது அப்படி வாங்கிக்கொண்டது. அந்தத் தெருவில் 1772இல் கட்டிய ஆர்மேனியத் தேவாலயம் இன்றும் நிற்கிறது. ஆறு பெரிய மணிகள் தொங்கும் மணிக்கூண்டு. முற்றத்தில் தரையோடு தரையாகப் பதித்த கல்லறைப் பலகைகள். அவற்றில் நமக்குப் படிக்கத் தெரியாத எழுத்து, கொக்கி கொக்கியாக, உளி பட்ட தடம் இன்னும் மழுங்காமல் இருக்கிறது. வெளியே தெருவில் நடக்க முடியாத நெரிசல். உள்ளே போனால் அணில் ஓடும் சத்தம் கேட்கும். வழிபட வருவதற்கு அந்தச் சமூகத்து ஆட்கள்தான் இல்லை.

இவர்களுக்கும் பட்டுக்கும் பழைய சொந்தம் உண்டு. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், ஜூல்ஃபா என்ற ஊரிலிருந்த ஆர்மேனியர்களைப் பெயர்த்து எடுத்துத் தன் தலைநகர் இஸ்பஹானுக்குப் பக்கத்தில் குடியேற்றினார். அந்த இடம் புதிய ஜூல்ஃபா. பாரசீகத்தின் கச்சாப் பட்டை உலகச் சந்தைகளுக்குக் கொண்டுபோனவர்கள் அவர்கள்தான். அந்த வணிகத்தின் கிளைதான் சூரத், கல்கத்தா, சென்னை என்று நம் கரைகளில் வந்து இறங்கியது. வந்தவர்கள் பணம் சேர்த்தார்கள். சேர்த்ததை அறத்துக்கு எழுதிவைத்தார்கள். கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்பவர் 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டிக் கொடுத்தார். பரங்கிமலைக்குப் படிக்கட்டும் அவர் போட்டதுதான். பாலத்தின் கல்வெட்டு இன்றும் சைதாப்பேட்டையில் சாலையோரம் நிற்கிறது. பேருந்தில் போகிற எத்தனை பேர் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று தெரியாது.

அச்சுக்கும் அவர்கள் செய்தது கொஞ்சமில்லை. ஷாஹமிர் ஷாஹமிரியன் என்ற வணிகர் 1772 வாக்கில் சென்னையில் ஆர்மேனிய அச்சுக்கூடம் வைத்தார். அங்கே அச்சான நூல்களில் ஒன்று, ஆர்மேனியா என்ற நாடு அமைந்தால் அதற்கு எப்படிப்பட்ட சட்டம் இருக்க வேண்டும் என்று விதி விதியாக எழுதியது. அப்போது அப்படி ஒரு சுதந்திர நாடே உலகில் இல்லை. உலகின் முதல் ஆர்மேனிய இதழான ‘அஸ்தரார்’ 1794இல் சென்னையில்தான் வெளிவந்தது. அதை நடத்தியவர் ஹாருத்யுன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார். ஷிராஸ் நகரத்தில் பிறந்தவர், இரண்டு பிள்ளைகளை ஒரே வாரத்தில் பறிகொடுத்தவர். இதழ் இரண்டு ஆண்டு நடந்து நின்றுபோயிற்று. அவருடைய கல்லறை நான் சொன்ன அந்த முற்றத்தில்தான் இருக்கிறது.

இப்போது பள்ளிக்கு வருகிறேன்.

எட்வர்ட் ரஃபேல் என்று சென்னையில் ஓர் ஆர்மேனியப் பெருவணிகர் இருந்தார். 1788இல் தொடங்கிய கர்நாட்டிக் வங்கியை ஏற்படுத்தியவர்களில் ஒருவர். அந்தக் குடும்பத்தில் சம்பந்தம் செய்தவர் சாமுவேல் மூரத். அவரும் சென்னை வணிகர், 1816இல் இறந்தார். ஆர்மேனியப் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று இரண்டு பேருமே பெரும்பணம் எழுதிவைத்தார்கள். அதை நடத்தும் பொறுப்பை வெனிஸ் நகரத்துக்கு அருகே ஒரு சிறு தீவில் மடம் அமைத்து வாழ்ந்த மெகிதாரியத் துறவிகளிடம் கொடுத்தார்கள். சென்னையில் எழுதிய உயில் இத்தாலியில் பள்ளிக்கூடமாக எழ வெகுகாலம் பிடித்தது. மூரத் பள்ளி 1834இல் பதுவா நகரத்திலும், ரஃபேல் பள்ளி 1836இல் வெனிஸிலும் திறந்தன. பிறகு இரண்டும் ஒன்றாகி மூரத்-ரஃபேல் கல்லூரி என்று ஆயிற்று. வெனிஸில் ஒரு பழைய மாளிகைதான் அதன் வீடு. துருக்கியிலிருந்தும் வேறு பல நாடுகளிலிருந்தும் ஆர்மேனியச் சிறுவர்கள் அங்கே வந்து தங்கிப் படித்தார்கள். 1915இல் துருக்கியில் ஆர்மேனியர் மீது நடந்த இனப்படுகொலையில் கொல்லப்பட்ட பெருங்கவிஞர் தானியேல் வாரூஜான் அங்கே படித்தவர்.

சென்னைக் கடற்கரையில் சேர்த்த பணத்தில் ஓர் ஆர்மேனியக் கவி உருவானார் என்பது எனக்குச் சாதாரணச் செய்தியாகப் படவில்லை. அந்தப் பணத்தில் சோழமண்டலத் துணி இருக்கிறது, நம் தறிக்காரர்களின் கையும் எங்கோ இருக்கத்தான் செய்யும். அந்தப் பள்ளி 1997இல் மூடப்பட்டது.

இந்தக் குடும்பத்தின் கதையில் இன்னொரு செய்தியும் உண்டு. சாமுவேல் மூரத்தின் மகன் நுங்கம்பாக்கத்தில் இருந்த தன் தோட்ட வீட்டை 1827இல் கம்பெனி அரசுக்கு விற்றார். சென்னைக் கல்விச் சங்கம் என்ற கல்லூரி அங்கே இயங்கியதால் அந்தச் சாலைக்கே கல்லூரிச் சாலை என்று பெயர் வந்தது. இன்று தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் தலைமை அலுவலகங்கள் இருக்கும் பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம் அதுதான். இந்த மாநிலத்தில் ஒரு பள்ளியைத் திறக்கவும் மூடவும் கோப்பு போய்ச் சேருகிற இடம், பள்ளிக்காக உயில் எழுதிய ஒரு குடும்பத்தின் தோட்டம்.

உயில் என்றதும் உங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கு மனதில் வர வேண்டியது பச்சையப்ப முதலியார். அஸ்தரார் வெளிவந்த அதே 1794இல்தான் அவர் இறந்தார். கோயில் கைங்கரியத்துக்கும் தர்மத்துக்கும் என்று எழுதிவைத்த அவர் பணம் யார் யார் கையிலோ சிக்கி, நீதிமன்றம் ஏறி, 1832இல் தீர்ப்பாகி, 1842 ஜனவரி முதல் நாள் சென்னையில் பள்ளியாகத் திறந்தது. அதுவும் அரண்மனைக்காரத் தெருவுக்குக் கூப்பிடு தூரத்தில். காஞ்சிபுரத்திலும் அந்த அறக்கட்டளை பள்ளி நடத்தியது. அறிஞர் அண்ணா படித்தது அந்தப் பள்ளியில். ஆக, உயில் எழுதியவர் கண்ணை மூடிய பிறகு அந்தப் பணம் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டுமானால், அதைக் கேட்டு வாங்க உயிருள்ள ஒருவர் நிற்க வேண்டும். பச்சையப்பர் விஷயத்தில் அப்படிச் சிலர் நின்றார்கள். நின்றதால்தான் நாம் அவர் பெயரைச் சொல்கிறோம்.

ஒரு பள்ளி மூடப்படும் நிலை வரும்போது அப்படி நிற்க யார் இருக்கிறார்கள்? கொடுத்தவர் இறந்துவிட்டார். இனிமேல் படிக்க வேண்டிய பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. மிச்சம் இருப்பது பழைய மாணவர்கள். அவர்கள் பேசினால் நிர்வாகம் சொல்லும் பதில் எங்கும் ஒன்றுதான்: உங்களுக்குப் பழைய நினைப்பு, எங்களுக்குக் கணக்கு. இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. ஏன் என்று சைப்ரஸில் நடந்ததைக் கொண்டு சொல்கிறேன்.

நிகோசியா நகரத்தில் மெல்கோனியன் கல்விக்கூடம் என்று ஒன்று இருந்தது. கிரிகோர், கராபெத் என்று அண்ணன் தம்பி இருவர். எகிப்தில் புகையிலை வியாபாரம் செய்து பெரும் செல்வம் சேர்த்தவர்கள். இனப்படுகொலையில் அநாதையான பிள்ளைகளுக்காகத் தங்கள் செல்வத்தைக் கொடுத்தார்கள். 1926இல் பள்ளி திறந்தது. முதலில் வந்து சேர்ந்த அநாதைப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? வளாகத்தில் மரக்கன்று நட்டார்கள். செத்துப்போனவர்கள் நினைவாக அந்த மரங்கள். அம்மாவுக்குக் கல்லறை கூட இல்லாத ஒரு பத்து வயதுப் பையன் கையில் ஒரு செடி. அந்தச் செடிகள் எண்பது ஆண்டில் தோப்பாகிவிட்டன.

பின்னாளில் நகரம் வளர்ந்து பள்ளி இருந்த சாலை பெருஞ்சாலை ஆயிற்று, நிலத்தின் விலை எங்கோ போய்விட்டது. அறக்கட்டளையைப் பொறுப்பில் வைத்திருந்த ஆர்மேனியப் பொதுநலச் சங்கம் 2004இல் பள்ளியை மூடப்போவதாக அறிவித்தது. 2005 ஜூனில் மூடியும்விட்டது. உலகெங்கும் இருந்த பழைய மாணவர்கள் எழுந்தார்கள். கடிதம், கூட்டம், வழக்கு எல்லாம் நடந்தது. பள்ளி திறக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டடங்களும் மரங்களும் பாதுகாக்கப்பட வேண்டியவை என்று சைப்ரஸ் அரசு அறிவிக்கும் அளவுக்குக் குரல் எட்டியது.

சங்கத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அதைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையாகப் பேசியவன் ஆக மாட்டேன். 1926இன் அநாதைகள் இன்று இல்லை. விடுதிப் பள்ளி நடத்த ஆகும் செலவு பெரியது. அதே பணத்தை வேறு வழியில் இன்னும் அதிகப் பிள்ளைகளுக்குச் செலவிடலாம் என்று ஒரு பொறுப்பாளர் நினைத்தால் அவரைக் குற்றவாளி என்று சொல்ல என்னால் ஆகாது. ஆனால் அந்தக் கணக்கில் எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. ஆர்மேனிய மொழிக்குக் கிழக்கு, மேற்கு என்று இரண்டு வடிவங்கள். கிழக்கு வடிவத்துக்கு ஒரு நாடு இருக்கிறது, அரசு இருக்கிறது. மேற்கு வடிவத்தைப் பேசியவர்களின் ஊர்களே 1915இல் அழிந்துவிட்டன. அந்த மொழிக்கு மிஞ்சிய மண் சிதறிக் கிடக்கும் இந்தப் பள்ளிக்கூடங்கள்தான். 2010இல் யுனெஸ்கோ வெளியிட்ட அழியும் மொழிகள் வரைபடத்தில் மேற்கு ஆர்மேனியம் இருக்கிறது. பல நாட்டுப் பிள்ளைகள் ஒரே விடுதியில் தங்கி, சண்டை போடுவதும் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்பதும் ஊருக்குக் கடிதம் எழுதுவதும் அந்த மொழியில் செய்த இடம் மெல்கோனியன். வாரம் இரண்டு மணி நேர வகுப்பில் இலக்கணம் கற்றுத்தரலாம். கோபத்தில் கத்துவதற்கு ஒரு மொழி வேண்டுமென்றால் அதில் வாழ்ந்திருக்க வேண்டும். இது பழைய மாணவருக்குத் தெரியும், ஏனென்றால் அவர் அங்கே கத்தியிருக்கிறார். கணக்கு எழுதுகிறவருக்குத் தெரிய வழியில்லை. அதனால்தான் சொல்கிறேன், பழைய மாணவர் கவலை வெறும் ஏக்கம் அல்ல. அது சாட்சியம். அந்தச் சாட்சியத்தைக் கேட்காமல் எந்தப் பொறுப்பாளரும் பூட்டுப் போடக்கூடாது.

இனி, மூடாமல் நிற்கும் ஒரு பள்ளி. கொல்கத்தாவில் மிர்சா காலிப் தெருவில், பழைய பெயர் ஃப்ரீ ஸ்கூல் தெரு, ஆர்மேனியக் கல்லூரி இருக்கிறது. கல்லூரி என்று பெயரே தவிர அது பள்ளிதான். 1821 ஏப்ரல் 2ஆம் தேதி தொடங்கியது. ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே 1811இல் பிறந்த வீடு அது என்று கட்டடத்துக்குத் தனிப் புகழ் உண்டு. இந்திய ஆர்மேனியர் வரலாற்றை 1937இல் பெரிய நூலாக எழுதிய மெஸ்ரோவ்ப் சேத் அங்கே படித்தவர், பிறகு அங்கேயே ஆர்மேனிய மொழி கற்பித்தவர். ரக்பி ஆட்டத்தில் அந்தப் பள்ளிப் பையன்களின் பெயர் இந்தியா முழுவதும் தெரியும்.

நாடு விடுதலை அடைந்த பின் கொல்கத்தா ஆர்மேனியர்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டார்கள். ஈரானிலிருந்து, குறிப்பாக நான் சொன்ன புதிய ஜூல்ஃபாவிலிருந்து, கொல்கத்தாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிப் படிக்கவைக்கும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்தது. அதுவும் குறைந்தது. 20ஆம் நூற்றாண்டின் கடைசியில் வகுப்பில் பிள்ளைகள் மிகவும் சுருங்கிவிட்டார்கள். கட்டடம் இருக்கிறது, அறக்கட்டளைப் பணம் இருக்கிறது, மைதானம் இருக்கிறது, பிள்ளை இல்லை. மற்ற இடங்களில் பணம் இல்லாமல் பள்ளி சாகும். இங்கே பிள்ளை இல்லாமல் சாகப் பார்த்தது. பழைய மாணவர்கள் கூடும் இடமெல்லாம் அதுதான் பேச்சு: இன்னும் எத்தனை வருடம்?

1999இல் பள்ளியின் பொறுப்பு ஆர்மேனியாவில் எச்மியாஜின் நகரத்தில் இருக்கும் ஆர்மேனியத் திருச்சபையின் தலைமைப் பீடத்திடம் போயிற்று. ஆர்மேனியாவிலிருந்தும் ஈரானிலிருந்தும் ஈராக்கிலிருந்தும் பிள்ளைகளை வரவழைத்தார்கள். தங்கும் இடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் இலவசம். போரிலும் தடையிலும் அடிபட்ட குடும்பங்களின் பிள்ளைகள் கொல்கத்தா மழையில் வந்து இறங்கி, ஆங்கிலமும் ஆர்மேனியமும் படித்தார்கள். 2021இல் பள்ளி 200 வயதைத் தொட்டது.

அம்மா பிணைத்த பாவு எனக்கு ஏன் ஞாபகம் வந்தது என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். கொல்கத்தாவில் மிஞ்சிய அந்தச் சில பிள்ளைகளுக்காகப் பள்ளியைத் திறந்தே வைத்திருந்தார்கள். அச்சில் நுனி நின்றது. அதனால் புது இழையைக் கொண்டுவந்து பிணைக்க முடிந்தது. அந்தச் சிலரையும் வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கட்டடத்தை வாடகைக்கு விட்டிருந்தால், ஈராக்கிலிருந்து ஒரு தாய் தன் பிள்ளையை எங்கே அனுப்பியிருப்பாள்? இன்றும் கவலை முழுதும் தீர்ந்துவிடவில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகளை நம்பி நிற்கும் பள்ளி விசாவையும் விமானத்தையும் உலக அரசியலையும் நம்பி நிற்கிறது. ஆனால் பள்ளி மணி அடிக்கிறது.

நம்மவர் கதைக்கு வருகிறேன். சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம்கள் தங்கள் சங்கத்தின் வழியாக 1946இல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் சிறு கடை வைத்தவர்களும் காசு போட்டு வளர்த்த பள்ளி. சிங்கப்பூரில் தமிழ்வழியில் உயர்நிலைக் கல்வி தந்த கடைசிப் பள்ளி அது. ஆங்கிலவழியில் படித்தால்தான் வேலை என்று ஆனபின் பெற்றோர் பிள்ளைகளை மாற்றிக்கொண்டார்கள். 1982இல் மூடினார்கள். அடுத்த ஆண்டே அந்தப் பெயரில் தமிழ் மொழி மையம் ஒன்றை அரசு தொடங்கியது. பெயர் பிழைத்தது, மாலை வகுப்பாகவாவது தமிழ் அங்கே தொடர்கிறது. ஆனால் கணக்கும் அறிவியலும் தமிழில் நடந்த வகுப்பறை போனது போனதுதான்.

மலேசியாவில் வேறு வழி கண்டார்கள். அங்கே 500க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. பல, ரப்பர்த் தோட்டத்துக்குள் பிறந்தவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணங்களுக்குப் போனபோது தோட்டப் பள்ளிகளில் பத்து இருபது பிள்ளைகளே மிஞ்சினார்கள். அப்போது பள்ளியின் பெயரையும் உரிமத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டு, தமிழர் குடியேறிய இடத்தில் போய்க் கட்டடம் எழுப்பினார்கள். இப்படி இடம்பெயர்ந்த பள்ளிகளுக்காகப் பழைய மாணவர்களும் பெற்றோரும் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. பள்ளி தோட்டத்தில் இல்லை, பெயர் மட்டும் இன்னும் தோட்டத்தின் பெயர். எனக்கு இது மிகப் பிடித்த வழி. பழைய மாணவன் கட்டடத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை, பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குப் பள்ளியைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

நம் மாநிலத்தில் 2019இல் ஒரு மாணவர்கூட இல்லாத 46 அரசுப் பள்ளிகளை நூலகமாக மாற்ற அறிவிப்பு வந்தது. நூலகம் நல்லதுதான். ஆனால் ஒரு பள்ளி சூன்யத்துக்கு வருவது ஒரு நாளில் நடப்பதில்லை. நாற்பது இருபதாகி, இருபது ஏழாகி, அப்புறம்தான் சூன்யம். ஏழாக இருந்தபோது அந்த ஊரில் படித்துப் பெரியவர்களானவர்கள் எங்கே இருந்தார்கள் என்ற கேள்வி என்னையும் சேர்த்தே கேட்கப்பட வேண்டியது.

நான் படித்தது நெசவாளர் தெருவை ஒட்டிய ஒரு சின்ன உதவிபெறும் தொடக்கப்பள்ளி. ஓட்டுக் கூரை, இரண்டு வகுப்புக்கு ஓர் அறை. எங்களில் பாதிப்பேர் பள்ளிக்கு வருமுன் ஒரு வேலை முடித்துவிட்டு வருவோம். கோர்வைப் புடவைக்கு நெய்கிறவர் ஒருவர், கரை நாடா தள்ளுவதற்குப் பக்கத்தில் ஒருவர் என்று இரண்டு பேர் வேண்டும். அந்த இரண்டாமவர் பெரும்பாலும் வீட்டுப் பையன்தான். விடியற்காலை இரண்டு மணி நேரம் தறியில் உட்கார்ந்துவிட்டு, விரலில் ஜரிகைக் கீறலோடு வருகிற பையனை எங்கள் வாத்தியார் அடிக்க மாட்டார். தூங்கினால் தூங்கவிடுவார். மதியம் எழுப்பி, “இப்ப வாய்ப்பாடு சொல்லு” என்பார். எங்களைத் தறிக்குழியிலிருந்து மேலே எடுத்தது அந்த மனிதரும் அந்தப் பள்ளியும்தான்.

அந்தப் பள்ளியை மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்தபோது பதினோரு பழைய மாணவர்கள் கூடினோம். நிர்வாகத்தைப் பார்க்கப் போனோம். உட்காரச் சொன்னார்கள், காபி கொடுத்தார்கள், முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்றார்கள். மூலப்பத்திரம் எங்கே, நிலம் கொடுத்தவர் என்ன எழுதிவைத்தார் என்று கேட்டோம். பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்கள். அந்த ஆண்டு சேர்க்கையில் இருந்தது ஆறு பிள்ளைகள். எங்களில் ஒருவர் கேட்டார்: “நாம பதினொரு பேர்ல எத்தனை பேர் நம்ம பிள்ளைங்கள இங்க சேர்த்தோம்?” யாரும் பதில் சொல்லவில்லை. என் பிள்ளைகள் இருவரும் ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்கள். லாஸ் ஏஞ்சல்ஸிலும் சிட்னியிலும் இருந்துகொண்டு மெல்கோனியனுக்காகக் கண்ணீர்விடும் ஆர்மேனியருக்கும் இந்தக் கேள்வி உண்டு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அதனால் அவர்கள் பேசும் தகுதியை இழந்துவிட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. முன்னதாகவே பேசியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஏழு பிள்ளைகள் இருக்கும்போதே, கூரை ஒழுகத் தொடங்கும்போதே, மூலப்பத்திரத்தின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஆண்டுக்கொரு முறை கணக்கைக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். கடைசிக் கூட்டத்தில் எழுந்து பேசுகிறவனை யாரும் கேட்பதில்லை.

இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் படித்த தொடக்கப்பள்ளிக்கு இந்த விடுமுறையில் ஒரு முறை போய்வாருங்கள். மூன்றே கேள்வி கேளுங்கள்: இந்த நிலத்தைக் கொடுத்தது யார், என்ன சொல்லிக் கொடுத்தார், இந்த ஆண்டு ஒன்றாம் வகுப்பில் எத்தனை பேர். பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பள்ளியைக் காப்பாற்ற முடியவில்லை. பதிவேடுகளை அலுவலகத்தில் ஒப்படைப்பதற்கு முன்னால் சேர்க்கைப் பதிவேட்டை நகலெடுத்துக்கொள்ள மட்டும் அனுமதி வாங்கினோம். அதைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். பெரிய நோட்டு, பக்கங்கள் பெரும்பாலும் ஒருவர் கையெழுத்து. பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர், தந்தையின் தொழில் என்று பத்தி பத்தியாக இருக்கிறது. தொழில் என்ற பத்தியில் மேலிருந்து கீழே விரலை ஓட்டினால் நெசவு, நெசவு, நெசவு, சாயம், நெசவு, பாவு ஓட்டுதல், நெசவு என்று போகிறது. என் பெயர் 214ஆம் எண்ணில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு எண் மட்டும் எழுதிவிட்டு, பெயர் எழுதாத வரிசை ஒன்பது. இந்த நோட்டை இங்குள்ள நூலகத்துக்குக் கொடுக்கிறேன். நூலகர் அவர்கள் மேடைக்கு வந்து பெற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.